பசுக்கள் மேயும் வங்கி

வங்கியில் வரிசை. முன்னால் இரண்டு பேர் நிற்கிறார்கள். காத்திருப்பவர் சும்மா தலையை நிமிர்த்துகிறார். சுவரின் உச்சியில், அரைவட்ட வளைவுக்குள், பசுக்கள் மேய்ந்துகொண்டிருக்கின்றன. புல்வெளி, மரங்கள், வானம். இன்னொரு சுவரில் அதே அளவு வளைவுக்குள் அறுவடை நடக்கிறது. மற்ற இரண்டு பக்கமும் பெரிய வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள். அவற்றின் வழியே வரும் பசிய ஒளி, மாந்தோப்புக்குள் மதியம் விழும் வெயிலைப்போலக் கூடமெங்கும் பரவியிருக்கிறது.

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் ஓவடோனா என்ற சிறு நகரின் நடுவே நிற்கிறது இந்தக் கட்டடம். மினியாபொலிஸிலிருந்து தெற்கே நூறு கிலோமீட்டர் போல வரும். கட்டப்பட்ட காலத்தில் ஊரின் மக்கள்தொகை ஆறாயிரத்தைக்கூட எட்டவில்லை. 1910 கணக்கெடுப்பு 5,658 பேர் என்கிறது. அந்த ஊரின் விவசாயிகள் பணம் போடவும் கடன் வாங்கவும் 1908இல் எழுந்த ‘நேஷனல் ஃபார்மர்ஸ் பேங்க்’தான் இன்று உலகெங்கும் கட்டடக்கலை மாணவர்கள் படிக்கும் பாடங்களில் ஒன்று. 1981இல் அமெரிக்க அஞ்சல் துறை இதன் படத்தை 18 சென்ட் தபால்தலையில் அச்சிட்டது.

இவ்வளவு சிறிய ஊருக்கு இப்படியொரு கட்டடம் எப்படி வந்தது? வடிவமைத்தவர் மேதை என்று சொல்லிவிட்டால் பாதிக் கதைதான் சொன்னதாகும். மேதையைத் தேடிப்போய், “எங்களுக்கு இன்னது வேண்டும்” என்று கேட்க ஒருவர் அந்த ஊரில் இருந்தார். அரை நூற்றாண்டு கழித்து, “இதை இடிக்க வேண்டாம், காப்போம்” என்று சொல்ல இன்னொருவர் வந்தார். இருவருமே வங்கிக்காரர்கள்.

வெண்ணெய் தந்த பணம்

ஓவடோனா என்பது டகோடா பழங்குடியினரின் மொழியிலிருந்து வந்த பெயர். ‘நேரானது’ என்று பொருள். ஊரின் வழியே ஓடும் ஆற்றுக்கும் ஆங்கிலத்தில் அதே பொருளில்தான் பெயர். சுற்றிலும் கறுத்த, வளமான மண். தெற்கு மினசோட்டாவில் முதலில் எங்கும் கோதுமைதான் விளைந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் விவசாயிகள் மெல்லக் கறவை மாடுகளுக்கு மாறினார்கள். கூட்டுறவு முறையில் வெண்ணெய் எடுக்கும் ஆலைகள் கிராமந்தோறும் முளைத்தன. கோதுமைக்கு வருஷத்தில் ஒரு முறைதான் காசு. பாலுக்கு மாதாமாதம் காசு. கையில் தொடர்ந்து காசு புழங்க ஆரம்பித்ததும் அதைப் போட்டுவைக்க நம்பகமான இடம் தேவைப்பட்டது.

அப்படியொரு இடமாக 1873 முதல் நடந்துவந்தது இந்த வங்கி. பென்னெட் குடும்பத்தின் கையில் இருந்தது. மகன் கார்ல் பென்னெட் ஹார்வர்டில் படித்தவர். இசையென்றால் உயிர். அதையே வாழ்க்கையாக்கிக்கொள்ள ஆசைப்பட்டவர், குடும்பத் தொழிலுக்காக ஊர் திரும்பி வங்கியின் துணைத் தலைவராக உட்கார்ந்தார்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வங்கிக்குப் புதுக் கட்டடம் தேவைப்பட்டது. அன்று அமெரிக்காவில் வங்கி கட்டுவதென்றால் எல்லாருக்கும் ஒரே மாதிரி: முன்னால் கிரேக்கக் கோயில் போலத் தூண்கள், மேலே முக்கோண முகப்பு, எங்கும் வெள்ளைக்கல். நூலகமும் அப்படித்தான், நீதிமன்றமும் அப்படித்தான். பலகையைப் படித்தால்தான் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியும். பென்னெட்டுக்கு அதில் மனம் ஒட்டவில்லை. மாட்டுப் பண்ணைக்காரர்கள் வந்துபோகிற வங்கிக்கு ரோமாபுரித் தூண் எதற்கு? கலந்து பேசிய கட்டடக் கலைஞர்களோ புத்தகத்தில் உள்ள பழைய மாதிரிகளையே நீட்டினார்கள். தங்கள் தொழிலின் குணத்தை எளிமையாக, கண்ணியமாக, அழகாகச் சொல்லும் கட்டடம் வேண்டும், அதைத் தரக்கூடியவரைத் தேடிப் பிடிப்பது என்று வங்கியார் தீர்மானித்தார்கள். பின்னாளில் பென்னெட்டே இதையெல்லாம் ஒரு கட்டுரையில் விவரமாக எழுதினார்.

1906இல் ‘தி கிராஃப்ட்ஸ்மன்’ என்ற இதழில், கட்டடக்கலை என்றால் என்ன என்ற கேள்வியை எழுப்பிய நீண்ட கட்டுரை வந்தது. எழுதியவர் சிகாகோவின் லூயி சல்லிவன். செத்துப்போன காலங்களின் பாணியை நகலெடுப்பது மக்களாட்சி நாட்டுக்கு அழகில்லை, கட்டடம் அது நிற்கும் காலத்தையும் மக்களையும் பேச வேண்டும் என்பது அவர் வாதம். தான் தேடிய ஆள் இவர்தான் என்று பென்னெட் முடிவுகட்டினார்.

வேலை இல்லாத மேதை

அப்போது சல்லிவனுக்கு ஐம்பது வயது. அதற்குள் வாழ்க்கையின் உச்சத்தையும் சரிவையும் பார்த்துவிட்டார். 1856இல் பாஸ்டனில் பிறந்தவர், எம்.ஐ.டி.யில் ஓராண்டு, பாரிஸின் புகழ்பெற்ற கலைப் பள்ளியில் சில காலம் என்று படித்துவிட்டுச் சிகாகோவுக்கு வந்தார். டாங்க்மர் ஆட்லர் என்ற பொறியியல் மூளையோடு கூட்டுச் சேர்ந்தார். சிகாகோவின் ஆடிட்டோரியம் கட்டடம் 1889இல், செயின்ட் லூயியில் வெயின்ரைட் கட்டடம் 1891இல், பஃபலோவில் கேரன்ட்டி கட்டடம் 1896இல் என அடுத்தடுத்து எழுந்தன. எஃகுச் சட்டமும் லிஃப்ட்டும் வந்து கட்டடங்கள் மேலே மேலே போன காலம் அது. உயரத்தை எப்படி அழகாக்குவது என்று உலகுக்குக் காட்டியவர் இவர். ‘பயனைத் தொடர்ந்தே வடிவம் வரும்’ என்ற கருத்து இவர் 1896இல் எழுதியதுதான். இவரிடம் வேலை பழகிய இளைஞர் ஃபிராங்க் லாயிட் ரைட், தானே உலகப் புகழ் பெற்ற பிறகும் இவரைத் தன் அன்புக்குரிய ஆசான் என்றே சொல்லிவந்தார்.

1893இல் சிகாகோவில் உலகக் கண்காட்சி நடந்தது. வெள்ளைவெளேரென்று நின்ற அதன் மாளிகைகளைக் கண்டு நாடே மயங்கியது. பாரம்பரியத் தூண்கள் மறுபடி நாகரிகமாயின. அதே ஆண்டில் பெரும் பொருளாதாரச் சரிவும் வந்தது. 1895இல் ஆட்லர் கூட்டை விட்டு விலகினார். வாடிக்கையாளரிடம் பேசி வேலை பிடித்துவருவது ஆட்லரின் திறமை. சல்லிவனுக்கு அந்த நயம் கிடையாது. விட்டுக்கொடுக்காத குணம், வெடுக்கென்ற பேச்சு, கூடவே குடி. வந்துகொண்டிருந்த வேலைகள் ஒவ்வொன்றாக நின்றன.

ஓவடோனாவிலிருந்து அழைப்பு வந்தது அந்த நேரத்தில்தான். பெருநகரங்கள் கைவிட்டவரை ஒரு வெண்ணெய் ஊர் கூப்பிட்டது.

நகைப்பெட்டி

ஊர்ப் பூங்காவுக்கு எதிரே, பிராட்வேயும் சீடர் தெருவும் சந்திக்கும் மூலை. 68 அடிக்கு 68 அடி சதுரமான பெட்டி போன்ற கட்டடம், 49 அடி உயரம். தெருவைப் பார்த்த இரண்டு பக்கமும் ஒவ்வொரு பெரிய வளைவு, 36 அடி அகலத்தில். அடியில் செம்மணற்கல். அதன்மேல், சுட்டபோது பல நிறமாக மாறிய செங்கல். செம்மையும் கபிலமும் ஊதாவுமாகக் கலந்து கிடப்பதால் தூரத்திலிருந்து பார்க்கச் சுவரில் கம்பளம் விரித்தது போலிருக்கும். சுவரைச் சுற்றிப் பசும் சுடுமண் அலங்காரமும் நீலம் பாரித்த கண்ணாடிச் சில்லுப் பட்டையும் கரை கட்டியதுபோல ஓடுகின்றன. ஒரு தூண்கூடக் கிடையாது.

சல்லிவன் தன் கடைசிக் காலத்தில் கட்டிய இத்தகைய சிற்றூர் வங்கிகளைக் கட்டடக்கலை உலகம் ‘நகைப்பெட்டிகள்’ என்று அழைக்கிறது. பொருத்தமான பெயர். வெளியே உறுதி, உள்ளே மின்னும் வேலைப்பாடு, அதற்குள் ஊராரின் சேமிப்பு.

இதில் இன்னொருவரின் கையும் இருக்கிறது: ஜார்ஜ் கிராண்ட் எல்ம்ஸ்லி. ஸ்காட்லாந்தில் பிறந்து, சல்லிவனின் அலுவலகத்தில் இருபது ஆண்டு உழைத்த முதன்மை வரைவாளர். அலங்கார வேலைப்பாடுகளின் பெரும்பகுதியை வரைந்தவர் அவர். முதலில் மூன்று வளைவுகள் வைப்பதாகத்தான் யோசனை, ஒரே பெரிய வளைவு என்பது தன் எண்ணம் என்று எல்ம்ஸ்லி பிற்காலத்தில் எழுதினார். எது யாருடையது என்று ஆய்வாளர்கள் இன்றும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். இருவரின் கைகளும் ஒன்றுக்குள் ஒன்றாகக் கலந்துவிட்ட கட்டடம் இது என்பது மட்டும் தெளிவு.

அந்தச் சுடுமண் அலங்காரத்தைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். இலை போலத் தொடங்கும் ஒரு வரி சுருண்டு கொடியாகிறது, கொடி வளைந்து வட்டத்துக்குள் நுழைகிறது, வட்டம் உடைந்து மறுபடி இலையாகிறது. காகிதத்தில் இருந்த இந்தக் கோடுகளைக் களிமண்ணில் உருவாக்கியவர் நார்வேயில் பிறந்த சிற்பக் கலைஞர் கிறிஸ்டியன் ஷ்னைடர். இல்லினாய் மாநிலத்தில் இருந்த அமெரிக்கன் டெரகோட்டா நிறுவனத்தில் வேலை நடந்தது. முதலில் களிமண்ணில் மூலச் சிற்பம். அதிலிருந்து பாரிஸ் சாந்தில் அச்சு. அச்சுக்குள் ஈரமண்ணைக் கையால் அழுத்தி எடுத்து, உலர்த்தி, நிறப்பூச்சுக் கொடுத்துச் சூளையில் சுட வேண்டும். உலரும்போதும் வேகும்போதும் மண் சுருங்கும். ஆகவே மூலச் சிற்பத்தை வேண்டிய அளவைவிடச் சற்றுப் பெரிதாகவே செய்ய வேண்டும். எவ்வளவு பெரிதாக என்பதில் கணக்குத் தப்பினால், சுவரில் பதிக்கும்போது துண்டும் துண்டும் பொருந்தாது, கொடி நடுவில் அறுந்துபோகும். ஓவடோனாவில் கொடி எங்கும் அறவில்லை.

உள்ளே ஒரு வெளி

கதவைத் தாண்டிக் குறுகிய, தாழ்வான நுழைவுவழி. அதைக் கடந்ததும் கூரை சட்டென்று உயர்ந்து கூடம் விரிகிறது. நான்கு பக்கமும் நான்கு வளைவுகள். இரண்டில் கண்ணாடி, இரண்டில் ஓவியம். உச்சியில் வெளிச்சம் இறங்கும் கண்ணாடிக் கூரை.

நான்கு மூலைகளிலும் சரவிளக்குகள் தொங்குகின்றன. எல்ம்ஸ்லி வரைந்த அவற்றைச் சிகாகோவின் வின்ஸ்லோ பிரதர்ஸ் பட்டறை வார்ப்பிரும்பில் செய்து அனுப்பியது. ஒவ்வொன்றும் 18 அடி உயரம், இரண்டேகால் டன் எடை. இவ்வளவு எடையும் இலையும் கொடியுமாகப் பின்னி நிற்பதால், கீழிருந்து பார்ப்பவருக்கு இரும்பு என்றே தோன்றாது. பெரிய பழக்குலை கிளையிலிருந்து இறங்கித் தொங்குவதுபோல இருக்கும்.

கண்ணாடியையும் சுவரின் வண்ணத்தையும் பார்த்துக்கொண்டவர் லூயி மில்லே, பாரிஸ் நாட்களிலிருந்து சல்லிவனின் நண்பர். பசுக்களையும் அறுவடையையும் தீட்டியவர் வியன்னாவில் பிறந்த ஓவியர் ஆஸ்கர் கிராஸ். ஆனால் முழுக் கூடத்துக்கும் நிறத்தை முடிவுசெய்தவர் சல்லிவன்தான். 1908 வசந்தகாலத்தில் பென்னெட்டுக்கு எழுதிய கடிதத்தில், தன் பொழுதெல்லாம் வெளியில் அலைந்து நிறங்களைப் படிப்பதிலேயே போகிறது என்றும், வெட்டவெளியை வங்கிக்குள் கொண்டுவர முயல்கிறேன் என்றும் சொல்கிறார். பல வாத்தியங்கள் சேர்ந்து இசைப்பதுபோல நிறங்களெல்லாம் சேர்ந்து ஒலிக்க வேண்டும் என்பது அவர் கனவு. கடிதத்தைப் படித்த பென்னெட் இசைக்காரர். சிகாகோவில் இருந்தவருக்குத் தன் மொழியைப் புரிந்துகொள்ளும் ஆள் ஓவடோனாவில் கிடைத்திருந்தார்.

அழகு இவ்வளவும் ஒரு வேலைக்காகத்தான். தரைத்திட்டத்தைப் பார்த்தால் இது தெரியும். பாதுகாப்பு அறையின் கனத்த கதவு, வருகிறவர் கண்ணில் நேரே படும் இடத்தில் இருந்தது. தன் பணம் எங்கே இருக்கிறது என்பதை எந்த விவசாயியும் பார்த்துவிட்டே போகலாம். வங்கித் தலைவரின் அறை எட்டாத மாடியில் இல்லை, கூடத்தை ஒட்டியே இருந்தது. பெண்கள் இருந்து ஓய்வெடுக்கத் தனி அறை. விவசாயிகள் கூடி உட்கார்ந்து பேசத் தனி அறை. சந்தைக்கு வண்டிகட்டி வந்தவர்கள் விலை நிலவரம் பேசி, இளைப்பாறி, ஊர் திரும்புவதற்கு முன் இருக்க ஓர் இடம். வங்கிக்குப் பின்னால், பிராட்வே ஓரமாக நீளும் இரண்டு மாடிப் பகுதியில் கடைகளும் அலுவலகங்களும். அவற்றிலிருந்து வாடகை வந்தது. மனையின் அந்தப் பகுதியும் சம்பாதிக்க வேண்டும் என்பதில் பென்னெட் கண்ணாக இருந்தார். வியாபாரக் கணக்கு தெரிந்தவர் கேட்ட அழகு இது.

மொத்தச் செலவு ஏறத்தாழ 1,25,000 டாலர். ஆறாயிரம் பேர்கூட இல்லாத ஊரில் அது பெருந்தொகை. அதே 1908 நவம்பரில் பென்னெட் ‘தி கிராஃப்ட்ஸ்மன்’ இதழிலேயே தன் கட்டடத்தைப் பற்றி எழுதினார். எந்த இதழில் சல்லிவனைக் கண்டுபிடித்தாரோ அதிலேயே. கட்டுரையின் தலைப்பு, விவசாயிகளுக்காகக் கட்டப்பட்ட வங்கி என்று பொருள்படும்.

தெருவோரத்தில் ஒரு கலைஞர்

ஓவடோனா சல்லிவனின் துயரத்தை நிறுத்திவிடவில்லை. 1909இல் அவர் தன் புத்தகங்களையும் வீட்டுப் பொருட்களையும் ஏலம் போட வேண்டியிருந்தது. அதே ஆண்டு, சம்பளம் கொடுக்க வழியில்லாமல் எல்ம்ஸ்லியையும் அனுப்ப நேர்ந்தது. மனைவியும் பிரிந்து போனார். ஆனால் ஓவடோனா வங்கியின் பேச்சு அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியெங்கும் பரவியது. அடுத்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் அவருக்குக் கிடைத்த நல்ல வேலைகள் பெரும்பாலும் இதுபோன்ற சிற்றூர்களிலிருந்தே வந்தன: அயோவாவில் சீடர் ராபிட்ஸ், அல்கோனா, கிரினெல், இந்தியானாவில் வெஸ்ட் லஃபாயட், ஒஹாயோவில் நியூவார்க், சிட்னி, விஸ்கான்சினில் கொலம்பஸ்.

கிரினெல்லுக்குப் போனபோது கையில் வரைதாள்கூட இல்லை. பக்கத்து மருந்துக்கடையில் மஞ்சள் தாள் வாங்கினார். ஊரிலேயே உட்கார்ந்து மூன்று நாளில் வங்கியை வரைந்து முடித்தார். 1914இல் எழுந்த அந்தக் கட்டடத்தின் முகப்பில், வட்ட ஜன்னலைச் சுற்றிச் சூரியன் வெடித்ததுபோல ஒரு சுடுமண் மலர் விரிந்திருக்கிறது.

சிட்னியில் நடந்ததைச் சொல்லாமல் இருக்க முடியாது. மனைக்கு எதிரே தெருவோரத்தில் இரண்டு நாள் உட்கார்ந்திருந்தார், சிகரெட்டுக்கு மேல் சிகரெட்டாக. பிறகு உள்ளே வந்து இயக்குநர்கள் முன்னால் வரைந்து காட்டினார். அவர்களில் ஒருவர் தயங்கித் தயங்கி, தூண்கள் வைத்த பழைய பாணிதான் தன் மனதில் இருந்தது என்றார். சல்லிவன் தாள்களைச் சுருட்டிக்கொண்டு எழுந்தார். அந்தப் பாணியில் கட்டித்தர ஆயிரம் பேர் கிடைப்பார்கள், இப்படிக் கட்டித்தர ஒருவர்தான் உண்டு என்றார். இயக்குநர்கள் கூடிப் பேசி, அவர் சொன்னபடியே கட்டச் சொன்னார்கள். 1918இல் கட்டி முடிந்த அந்த வங்கியின் வளைவில் சிக்கனம் என்ற பொருள்படும் ஒற்றைச் சொல் பொறிக்கப்பட்டிருக்கிறது.

கொலம்பஸில் வங்கித் தலைவர் ஜான் வீலருக்குத் தூண்கள்மீதே மோகம். அவருடைய மனைவி அன்னா மேதான் சல்லிவனைப் பரிந்துரைத்து, கணவரின் மனதை மாற்றியவர். இப்படி ஒவ்வொரு நகைப்பெட்டிக்குப் பின்னாலும் கேட்கத் துணிந்த ஒருவர் இருக்கிறார்.

1924 ஏப்ரல் 14 அன்று சிகாகோவில் ஒரு ஹோட்டல் அறையில் சல்லிவன் இறந்தார். கையில் காசில்லை, நண்பர்கள்தான் கடைசிவரை தாங்கினார்கள். அமெரிக்கக் கட்டடக் கலைஞர் கழகம் அவருக்குத் தங்கப் பதக்கம் அறிவித்தபோது அவர் இறந்து இருபது ஆண்டு ஆகியிருந்தது.

கூண்டுகள் போன கதை

பென்னெட்டுக்கும் காலம் கருணை காட்டவில்லை. தனக்கென ஒரு வீட்டுக்கும் 1912இல் சல்லிவனிடமே வரைபடம் வாங்கினார். அது கட்டப்படவே இல்லை. முதல் உலகப் போரின்போது உச்சத்துக்குப் போன விளைபொருள் விலை, போர் முடிந்ததும் பாதாளத்துக்கு விழுந்தது. ஏறிய விலைக்கு நிலம் வாங்கியவர்களால் கடனைக் கட்ட முடியவில்லை. நாடெங்கும் சிற்றூர் வங்கிகள் வரிசையாகச் சாய்ந்தன. விவசாயியின் நல்ல காலத்தில் எழுந்த வங்கி, அவனுடைய கெட்ட காலத்தில் தானும் விழுந்தது. 1926இல் நேஷனல் ஃபார்மர்ஸ் பேங்க் கதவடைத்தது. பென்னெட் சொத்தை இழந்தார், ஊரை விட்டே போனார்.

கட்டடம் மட்டும் நின்றது. 1929இல் செக்யூரிட்டி பேங்க் அண்ட் டிரஸ்ட் என்ற வங்கி அதை வாங்கியது. புது வங்கிக்குப் புது வசதிகள் தேவைப்பட்டன. 1940இல் உட்புறத்தை மாற்றியமைத்தபோது பெரும் இழப்பு நேர்ந்தது. காசாளர்கள் உட்கார்ந்திருந்த கூண்டுகளின் உலோகக் கம்பித் தட்டிகள், ஒவ்வொன்றும் கொடியும் விதையுமாக வார்த்த தனிச் சிற்பம், பிடுங்கப்பட்டன. பல குப்பையோடு போயின. தப்பிய சில இன்று அருங்காட்சியகங்களில் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கின்றன. ஒரு காலத்தில் பால்காசு எண்ணிய கைகள் நுழைந்த அந்தச் சின்ன வாசல்களை இப்போது யாரும் தொட முடியாது.

அந்தக் காலத்தில் யாருக்கும் இதில் குற்றவுணர்வு இருந்ததாகத் தெரியவில்லை. அலங்காரம் பழைய மோஸ்தர் ஆகிவிட்டிருந்தது. சிகாகோவிலேயே சல்லிவனின் கட்டடங்கள் ஒவ்வொன்றாக இடிபட்டுக்கொண்டிருந்தன.

இரண்டாவதாகக் கேட்டவர்

1950களில் வங்கியின் தலைமைக்கு வந்தவர் கிளிஃபோர்ட் சாமர். இடம் போதவில்லை, உள்ளே வசதிகள் பழசாகிவிட்டன. அன்றைய வழக்கப்படி இடித்துவிட்டுத் தட்டைக் கூரையும் கண்ணாடிச் சுவருமாக ஒன்று கட்டியிருக்கலாம். அல்லது ஊருக்கு வெளியே கார் நிறுத்த இடத்தோடு புதிதாகப் போயிருக்கலாம். சாமர் இரண்டையும் செய்யவில்லை. இந்தக் கட்டடத்தை மதிக்கத் தெரிந்த ஒருவரைத் தேடினார். டெக்சாஸ் பல்கலைக்கழகக் கட்டடக்கலைப் பள்ளியை நடத்தியிருந்த ஹார்வெல் ஹாமில்டன் ஹாரிஸ் கிடைத்தார்.

ஹாரிஸ் தீவிர நவீனத்துவவாதி. தன் கையெழுத்தைப் பதிக்கும் ஆசையை அடக்கிக்கொண்டார். இழந்த கூண்டுகளைப் போலியாகச் செய்துவைக்கவும் இல்லை. புதிய காலத்து வங்கிக்கு வேண்டிய கவுண்ட்டர்களையும் இருக்கைகளையும், பழைய கூடத்தின் நிறங்களோடும் கோடுகளோடும் சண்டை போடாதபடி அமைத்தார். ஓவியங்களும் சுவர்களும் துலக்கம் பெற்றன. 1958இல் வேலை முடிந்தது. அமெரிக்காவில் பழைய கட்டடங்களைக் காப்பதற்கான தேசியச் சட்டம் வந்ததே 1966இல்தான். அதற்கு எட்டு ஆண்டு முன்பே ஒரு சிற்றூர் வங்கி தன் சொந்தக் காசைப் போட்டு இதைச் செய்துகாட்டியது.

அதற்குப் பிறகு மரியாதைகள் வரிசையாக வந்தன. 1971இல் தேசிய வரலாற்று இடங்களின் பதிவேட்டில் பெயர் ஏறியது. 1976இல் தேசிய வரலாற்றுச் சின்னம் என்ற உயர்ந்த தகுதி கிடைத்தது. பின்னர் தபால்தலை. வங்கியின் பெயர்ப்பலகை மட்டும் காலத்துக்குக் காலம் மாறியது. செக்யூரிட்டி பேங்க், நார்வெஸ்ட் ஆனது. 1998இல் பெரிய இணைப்பு ஒன்று நடந்து, நார்வெஸ்ட், வெல்ஸ் ஃபார்கோ என்ற பெயரை எடுத்துக்கொண்டது. நூறாண்டு நிறைந்தபோதும் உள்ளே வங்கி வேலையே நடந்துகொண்டிருந்தது. பணம் போட வந்தவர்களும், கழுத்தில் கேமரா மாட்டிக்கொண்டு தூர தேசத்திலிருந்து வந்தவர்களும் ஒரே கதவு வழியாக நுழைந்தார்கள்.

மற்ற நகைப்பெட்டிகளின் பாடு பலவிதம். சீடர் ராபிட்ஸில் 2008 வெள்ளம் கட்டடத்துக்குள் புகுந்தது. பிற்பாடு அது சீராக்கப்பட்டு உணவகமானது. கிரினெல்லில் வங்கி போய், ஊர் வர்த்தகச் சங்கம் வந்து உட்கார்ந்தது. எப்படியோ, கதவு திறந்து யாரோ உள்ளே வந்துபோய்க்கொண்டிருக்கும்வரை கூரை ஒழுகினால் கவனிக்க ஆள் இருக்கிறது. பூட்டிவைத்த கட்டடத்தின் முதல் விரிசலை யாரும் பார்ப்பதில்லை.

ஓவடோனாவில் இன்று 26,000க்கும் மேற்பட்டோர் வாழ்கிறார்கள். ஊர் விரிந்து நெடுஞ்சாலை ஓரம்வரை போய்விட்டது. பூங்காவும், அதன் எதிரே அந்தச் செங்கல் பெட்டியும் அதே இடத்தில் இருக்கின்றன. பிராட்வே வெயில் தெற்கு ஜன்னலில் விழும்போது கூடத்தின் தரை பசேலென்றாகிறது. எதிர்ச் சுவரின் ஓவியத்துக்கும் அந்த ஒளி கொஞ்சம் போய்ச் சேர்கிறது. பென்னெட் கேட்டு வாங்கிய புல்வெளி அது. சாமர் இடிக்கவிடாமல் வைத்துக்கொண்ட புல்வெளியும் அதுதான். 1908 முதல் அதே அரைவட்டத்துக்குள், கீழே நடக்கும் கொடுக்கல் வாங்கலைக் கண்டுகொள்ளாமல், பசுக்கள் தலைகுனிந்து மேய்கின்றன.